சிறிய லாரியும் மாறிய எஞ்சினும்

பழைய சிறிய லாரியின் எஞ்சினைப் பிரித்துச் சீராக்குவதும், அது இனித் தேறாது என்று தெரிந்தால் வேறு வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்துவதும் தமிழ்நாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலம் தொட்டு நடந்துவரும் தொழில். ஒன்றிலிருந்து மூன்று டன் வரை ஏற்றும் வண்டிகளே இதன் களம். பெரிய லாரிக்குப் பெரிய முதலாளியும் கம்பெனி சர்வீஸும் உண்டு. சிறிய லாரியோ பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் ஒரே வண்டி. நான்கைந்து கை மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உரு மாறி ஓடுவது. அந்த மாற்றங்களில் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை மிகக் குறைவு. அந்தந்தக் காலத்தில் எது கிடைக்கவில்லையோ அதுவே எஞ்சினின் உருவத்தைத் தீர்மானித்தது. ஒரு காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை, இன்னொரு காலத்தில் அந்நியச் செலாவணி, பிறகு உதிரி பாகம். பணத் தட்டுப்பாடு எல்லாக் காலத்துக்கும் பொது.

உத்திரமேரூர் வட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்திலுள்ள திருமுக்கூடலைப் போன்ற ஊர்கள் இத்தகைய வண்டிக்கென்றே அமைந்தவை. எதிர்க்கரையில் பழையசீவரம், அதையொட்டிச் செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலை. இந்தக் கரையில் வயல், ஏரி, அவற்றுக்கு நடுவே கற்குன்றுகள். ஆற்று மணல், செங்கல், கருங்கல் ஜல்லி, நெல், வைக்கோல் என்று சுமை எப்போதும் உண்டு. போக வேண்டிய தூரம் அதிகமில்லை. பாதை மட்டும் மோசம். ஊரின் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது வேறொரு காரணத்துக்காக. வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், இங்கே பதினைந்து படுக்கைகளோடு நடந்த ஆதுலசாலை என்ற மருத்துவமனையில் மருத்துவருக்கு என்ன கூலி, எந்தெந்த மருந்து இருப்பில் இருந்தது என்பதெல்லாம் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த லாரிப் பட்டறைகளுக்கோ அப்படி ஒரு பதிவும் இல்லை. வண்டிகளின் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகங்களில் திருத்தி எழுதப்பட்ட எஞ்சின் எண்கள்தான் மிஞ்சிய சாட்சி. எனவே இந்தத் தொழிலின் வரலாற்றை எஞ்சின்களின் வழியாகவே தொடர வேண்டியிருக்கிறது.

முதல் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது போர். 1920களின் கடைசியிலிருந்து சென்னை மாகாணத்துச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் போர்டு, செவர்லே, சற்றுப் பின்னால் வந்த பெட்போர்டு லாரிகள். எல்லாமே பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்றரை டன், இரண்டு டன் என்று அன்று ‘லாரி’ எனப்பட்டதே இன்றைய கணக்கில் சிறிய லாரிதான். 1940களின் தொடக்கத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் வழக்கம் பரவியது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரி வாயு உலைகளைச் செய்து விற்றது. ஜனங்கள் அவற்றைக் கரி பஸ், கரி லாரி என்றார்கள்.

உலையில் காற்றைக் குறைத்துவிட்டால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக மாறும். கொஞ்சம் நீராவி சேர்ந்தால் ஹைட்ரஜனும் வரும். இந்தக் கலவையைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, கார்புரேட்டருக்குப் பதிலாக ஒரு கலப்பான் வழியாக எஞ்சினுக்குள் விடுவார்கள். வாயுவில் ஏறத்தாழ பாதி வெறும் நைட்ரஜன். அதனால் பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மேடு வந்தால் சுமையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். காலையில் கிளீனர் பையன் ஊதுவிசிறியைச் சுற்றி உலையை மூட்டி, வாயு நீலமாக எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும். வடிகட்டியைத் தப்பிய சாம்பல் சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் சுவரையும் தேய்த்தது. ஆகவே கரி வாயு வந்த இடத்திலெல்லாம் போரிங் வேலையும் கூடவே வந்தது. எஞ்சினைத் திறந்து, சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடும் வேலையில் தமிழ்நாட்டு ஃபிட்டர்கள் பலருக்குக் கை பழகியது இந்தப் போர்க்கால ஆண்டுகளில்தான் என்று சொன்னால் அதிகமில்லை.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த செவர்லே, போர்டு, டாட்ஜ் லாரிகளும் வில்லிஸ் ஜீப்களும் ஏலத்துக்கு வந்தன. மலிவாக வாங்கலாம், ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். அதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. இங்கேயே தயாரிக்கத் திட்டமில்லாமல் வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்கும் கம்பெனிகள் தொடர வேண்டாம் என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்தபோது, இந்தியாவில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. வண்டி சாலையில் இருந்தது, அதைச் செய்தவர்கள் ஊரில் இல்லை. இறக்குமதி உரிமம் பெற்று வரும் உதிரி பாகங்களின் விலை, வண்டியின் விலையோடு போட்டி போட்டது.

இந்த இடத்தில்தான் டீசல் நுழைகிறது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932இல் பிராங்க் பெர்கின்ஸ் தொடங்கிய கம்பெனி, பெட்ரோல் லாரியின் பானட்டுக்குள்ளேயே அடங்கக்கூடிய வேகமான டீசல் எஞ்சின்களைச் செய்து பெயர் பெற்றது. 1937இல் வந்த அதன் பி6 எஞ்சினை பெட்போர்டு, டாட்ஜ் போன்ற வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டுப் பொருத்துவது அங்கேயே பழக்கம். 1840இல் குதிரை வண்டி செய்யும் கம்பெனியாகச் சென்னையில் தொடங்கி, பின்னர் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்கு வந்துசேர்ந்த சிம்சன், 1950களில் செம்பியத்தில் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்ய ஆரம்பித்தது. அதே குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தொடங்கியிருந்தது. பெங்களூரில் 1951இல் வந்த மைக்கோ, டீசல் பம்பையும் நாசிலையும் உள்நாட்டுச் சரக்காக்கியது. எஞ்சின், பிஸ்டன், பம்ப் மூன்றும் ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்கும் நிலை அப்போதுதான் வந்தது.

டீசலுக்கு மாறியதால் கிடைத்த லாபத்தின் காரணம் எளிது. அன்றைய பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் ஆறேழு மடங்குதான் அழுத்தும். டீசல் எஞ்சின் காற்றை மட்டும் பதினாறு மடங்கு வரை அழுத்தும். அழுத்தம் கூடக் கூட அதே எரிபொருளில் கிடைக்கும் வேலையும் கூடும். டீசலின் விலையும் குறைவு. மாற்றுவதற்கான செலவை ஓட்டத்திலேயே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்ட லாரிக்காரர்கள் ‘சிம்சன் எஞ்சின்’ போட்டார்கள். அந்தப் பெயர் இன்றும் பட்டறைகளில் தனிச்சொல்லாக வழங்குகிறது.

மாற்றுவது போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை அல்ல. கியர்பாக்ஸின் முகமும் புது எஞ்சினின் பின்முகமும் பொருந்தாது. இடையில் கடைசல் போட்ட அடாப்டர் தட்டு வேண்டும். தட்டின் மையம் சற்று விலகினாலும் கிளட்ச் ஷாஃப்ட்டின் முனை பேரிங்கைத் தின்றுவிடும். டீசல் எஞ்சின் கனமானது, அதிர்வும் மிகுதி. சேஸில் புது மவுண்ட் பற்றவைத்து, முன் ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு இலை கூட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்ய அதிக முறுக்கு தேவைப்படுவதால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் மாறும். டாங்கிலிருந்து டீசல் போகும் குழாயோடு, மிஞ்சியது திரும்பி வரும் குழாயும் வேண்டும். சாவியைத் திருப்பினால் டீசல் எஞ்சின் நிற்காது என்பதால் பம்பை அடைக்க ஓட்டுநர் கைக்கு ஒரு இழுவைக் கம்பி.

கவனிக்காமல் விட்டால் உயிருக்கே உலை வைப்பது பிரேக். பெட்ரோல் எஞ்சினில் மிதியிலிருந்து காலை எடுத்ததும் காற்று உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகும். பல லாரிகளின் பிரேக் அந்த வெற்றிடத்தின் துணையால் வேலை செய்தது. காற்றை அடைக்கும் தடுப்பு இல்லாத டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்று எஞ்சினால் சுழலும் தனி வாக்வம் பம்பைச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஓட்டினால் காலி வண்டி நிற்கும், சுமை வண்டி நிற்காது. சுழற்சி வேகமும் ஒரு பிரச்சினைதான். பி6 எஞ்சினின் உச்ச சக்தி நிமிடத்துக்கு 2,400 சுற்றில். அது பிடித்த இடத்தில் இருந்த பெட்ரோல் எஞ்சின்கள் 3,000க்கு மேல் சுற்றியவை. பின்பக்க கிரவுன்–பினியனை மாற்றாவிட்டால் எஞ்சின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. நிறையப் பேர் மாற்றவில்லை. மணற்பாதையில் இழுத்தால் போதும் என்பவருக்கு வேகம் குறைவது குறையாகத் தெரியவில்லை.

இந்த எஞ்சின் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெர்கின்ஸின் பி3, பி4, பி6 மூன்றும் ஒரே அளவு சிலிண்டரின் மூன்று, நான்கு, ஆறு மடங்குகள். விட்டம் மூன்றரை அங்குலம், பிஸ்டனின் நீளோட்டம் ஐந்து அங்குலம். ஒரு லாரியின் லைனரும் பிஸ்டனும் ஒரு சிறிய டிராக்டரின் லைனரும் பிஸ்டனுமாக இருக்கலாம். 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் டிராக்டர்கள் சிம்சன் எஞ்சினோடு வயலுக்கு வந்தபின், அந்தக் குடும்பத்து எஞ்சினைத் தெரிந்த கை தாலுகாவுக்குத் தாலுகா உண்டாயிற்று. திறமையான எஞ்சின்கள் வேறு எத்தனையோ வந்துபோயின. பக்கத்து ஊர்க் கடையில் ரிங் செட் கிடைக்கும் எஞ்சின்தான் நின்றது.

கை எங்கிருந்து வந்தது என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. கிணற்றுப் பாசனமும் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் மின்சாரம் வயலுக்கு வருவதற்கு முன் தண்ணீர் இறைத்தது ஆயில் எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், பெரிய சக்கரம், கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வது. நாசில் அடைப்பு, ஏர் லாக், வால்வு உட்காராமல் போவது ஆகிய டீசலின் அடிப்படை நோய்கள் அத்தனையும் அதில் உண்டு. ஊருக்குள் டீசல் படித்தது கிணற்றடியில்தான். கொல்லுப்பட்டறைக்காரர்கள் பற்றவைப்புக்கும் பட்டைக்கும் வந்தார்கள். 1950இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக், டீசல் மெக்கானிக் பிரிவுகள் நடந்தன. ஆயினும் கிராமப் பட்டறையில் சேர்ந்தவர்களில் அதிகமானோர் பத்துப் பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்த பையன்கள். கூலி சாப்பாடும் பண்டிகைத் துணியும். இந்தப் பழக்கத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எழுத்துப் பயிற்சி இல்லாமல் வளர்ந்த அந்தத் தலைமுறையின் அளவுகள் எங்கும் எழுதிவைக்கப்படாமல் போனதற்கும் அதுவே காரணம்.

1960, 70களில் சிறிய வண்டி என்று தனி இனம் உருவானது. பஜாஜ் டெம்போ 1958 முதல் மூன்று சக்கர ஹான்சியாட்டைச் செய்தது. தமிழ்நாட்டில் சிறிய சரக்கு வண்டிக்கே ‘டெம்போ’ என்று பெயர் நின்றது அதனால்தான். சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற வேனையும் சிறு லாரியையும் விற்றது. மகேந்திரா ஜீப்பின் சேஸில் முன்தள்ளிய கேபினோடு எஃப்.சி. 150 வந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது பெட்ரோலில் ஓடிய இந்தச் சிறு வண்டிகள் ஒரே இரவில் கட்டுப்படியாகாதவை ஆயின. பழைய பெட்ரோல் லாரிகளில் இருபது ஆண்டுக்கு முன் நடந்த டீசல் மாற்றம் இப்போது இவற்றில் நடந்தது. பின்னர் 1980களில் பென்ஸ் உரிமத்தில் பஜாஜ் டெம்போ செய்த 2.4 லிட்டர் ஓ.எம். 616 டீசல், மெடாடர் வேனின் எஞ்சின் என்ற பெயரில் பழைய ஜீப், அம்பாசிடர், பிக்கப் என்று எங்கெங்கோ ஏறி உட்கார்ந்தது. சத்தம் குறைவு, உழைப்பு அதிகம், விபத்தில் சிக்கிய மெடாடர் ஒன்று கிடைத்தால் விலையும் குறைவு.

1980களின் நடுவில் ஜப்பானியர் வந்தார்கள். டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், சுவராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என நான்கு கூட்டு நிறுவனங்கள் ஓரிரு ஆண்டு இடைவெளியில் சிறிய லாரிகளை இறக்கின. கேபினைச் சாய்த்தால் எஞ்சின் முழுதும் கண்முன். ஸ்டியரிங் லேசு, கியர் லேசு. ஆனால் 1985க்குப் பின் ஜப்பானிய யென்னின் மதிப்பு வேகமாக ஏறியதால் அங்கிருந்து வர வேண்டிய பாகங்களின் விலை எகிறியது. 1986இல் டாட்டா தன் சொந்த 407ஐக் கொண்டுவந்தது. ஜப்பான் வண்டிகள் அளவுக்கு நளினம் கிடையாது. இரண்டு டன்னுக்கு என்று விற்றதில் நான்கு டன் ஏற்றினாலும் தாங்கியது. 97 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் நீளோட்டம், நான்கு சிலிண்டர், 2,956 கன சென்டிமீட்டர் கொண்ட அதன் 497 எஞ்சினுக்கு மூலைக்கு மூலை உதிரி கிடைத்தது. ஆல்வின் மகேந்திராவிடம் போனது, டி.சி.எம். டொயோட்டா தேவூவிடம் போனது. சுவராஜும் ஐஷரும் பாகங்களை உள்நாட்டிலேயே செய்துகொண்டு தப்பின. கைவிடப்பட்ட பிராண்டின் வண்டி வைத்திருந்தவருக்கு கிராங்க் ஷாஃப்ட் உடைந்தால் இரண்டே வழி. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கிராங்க் தேடுவது ஒன்று, 407 எஞ்சினுக்கு அடாப்டர் தட்டு அடிப்பது இன்னொன்று.

கற்குவாரிச் சுற்றுப்புறத்தில் எஞ்சின் வேலை அடிக்கடி வருவதற்குத் தூசிதான் முதல் காரணம். திருமுக்கூடல், பழவேரி பக்கங்களில் கிரஷர்கள் பெருகிய பிறகு சாலையே வெள்ளைப் பொடியாகக் கிடக்கிறது. கருங்கல் பொடியில் குவார்ட்ஸ் உண்டு. அது இரும்பைவிடக் கடினம். பழைய வண்டிகளின் ஆயில் பாத் ஃபில்டரில் எண்ணெய் சேறாகி, உறிஞ்சும் காற்று பொடியையும் சேர்த்து இழுக்கும். ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தாலும் போதும். பொடி ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே அரைத்து, கீழே எண்ணெயில் கலந்து பேரிங்கையும் அரைக்கும். இரண்டாவது காரணம் மிகைச் சுமை. மூன்றாவது, ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதால் படியும் சுண்ணாம்பு.

நோயைப் புகையில் படிப்பது வழக்கம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் இறங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஓடும் எஞ்சினிலிருந்து எவ்வளவு புகை அடிக்கிறது என்று பார்ப்பார்கள். ‘பேக் கம்ப்ரஷன்’ அதிகம் என்றால் எஞ்சினை இறக்க வேண்டியதுதான். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கி, ஹெட், சம்ப், பிஸ்டன், கிராங்க் என்று பிரித்து டீசலில் கழுவியதும் அளக்கும் வேலை தொடங்கும். லைனரின் மேல்முனையில், ரிங் திரும்பும் இடத்தில், தேய்மானம் மிகுதி. அங்கே நகம் தட்டுப்பட்டால் கருவியே வேண்டாம். லைனரை அடித்து இறக்கிப் புதிது போடலாம், அல்லது கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்கின் ஜர்னல்களை 10, 20, 30 தௌ என்று படிப்படியாகக் குறைத்துக் கடைவார்கள் (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). ஒவ்வொரு படிக்கும் அதற்கேற்ற தடிமனில் பேரிங் கிடைக்கும். முப்பதுக்கு மேல் போனால் மேற்பரப்பின் கடினத் தோல் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஓட்டியவர்களுக்குக் கிராங்க் இரண்டு துண்டாகக் கிடைத்தது.

ஹெட்டில் வால்வு சீட்டை வெட்டி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி உட்காரவைத்து, மேலே டீசல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பூட்டும்போது ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். முறுக்கு விசை காட்டும் ரெஞ்ச் இல்லாத பட்டறைகளில் கைத்திட்டமே அளவு. ஆச்சரியப்படும் அளவுக்கு அது சரியாக இருந்ததுண்டு. தவறியபோது ஆயிரம் கிலோமீட்டருக்குள் கேஸ்கெட் ஊதியது. கடைசியில் கை பம்ப் அடித்து ஏர் எடுத்து, நாசில் யூனியன்களைத் தளர்த்தி, டீசல் பீய்ச்சியதும் இறுக்கினால் எஞ்சின் பிடிக்கும். பிறகு ரன்னிங் இன்: சில நூறு கிலோமீட்டர் பாதிச் சுமை, பாதி வேகம். வண்டி நின்றதால் ஏற்கெனவே கடன் ஏறியிருக்கும் உரிமையாளர் பாதிச் சுமையில் ஓட்டச் சம்மதிப்பது அபூர்வம். பழுதுபார்த்த எஞ்சின்கள் சீக்கிரம் மீண்டும் வந்ததற்குப் பட்டறையைவிட இது பெரிய காரணம்.

இந்த வேலை ஒரே இடத்தில் முடிவதில்லை. சாலையோரப் பட்டறை பிரிக்கும், பூட்டும். போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு போன்ற ஊர்களின் லேத் பட்டறைகளில். டீசல் பம்புக்குத் தனிக் கடை. கண்ணாடி அடைத்த, தூசி நுழையாத அறையில் டெஸ்ட் பெஞ்ச் வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை கன சென்டிமீட்டர் டீசல் போகிறது என்று குழாய்களில் பிடித்துச் சமன் செய்வார்கள். புது உதிரிக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய உதிரிக்குப் புதுப்பேட்டை.

பம்பில்தான் மிகப் பரவலான, மிகத் தீங்கான மாற்றமும் நடந்தது. உச்ச அளவை நிறுத்தும் ஸ்க்ரூவுக்குக் கம்பெனி ஈயச் சீல் வைத்திருக்கும். சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பினால் டீசல் கூடும், இழுவை கூடும், கறுப்புப் புகையும் கூடும். காற்று அதே அளவுதான் என்பதால் மிகுந்த டீசல் பாதி எரிந்து வெப்பமாகிறது. பிஸ்டனின் தலை உருகித் துளை விழுந்த எஞ்சின்களைப் பிரித்தால் பெரும்பாலும் இந்த ஸ்க்ரூதான் குற்றவாளி. அதற்கு நேர்மாறான சிக்கனம், டீசலில் ரேஷன் மண்ணெண்ணெய் கலப்பது. பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அந்தப் பிசுபிசுப்புப் போதாது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர்கள் பம்பைப் புதுப்பித்து அதை இழந்தார்கள்.

சட்டம் இந்த வேலையை ஒருபோதும் தாராளமாகப் பார்த்ததில்லை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே மாற்றங்களைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கும் விதி இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது, சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு நிபந்தனைகளோடு இடம் தருகிறது. எஞ்சினை மாற்ற முன் அனுமதி கேட்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவை மீறும் மாற்றம் எதையும் பதிவு செய்ய முடியாது என்று உறுதி செய்தது. அதே வகை எஞ்சினைப் போட்டுப் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுவது ஒன்று. ஆல்வின் நிஸானில் 407 எஞ்சின் போடுவது முற்றிலும் வேறொன்று. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் நாளில் இந்த வேறுபாடு வெளிப்படும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதால் பழைய வண்டிக்குத் தப்ப வழி குறைவு. புகையை ஹார்ட்ரிட்ஜ் மீட்டரில் அளந்து 65க்குள் இருக்க வேண்டும் என்ற விதி, சீல் உடைத்த பம்புகளை ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

2005இல் வந்த டாட்டா ஏஸ், ‘குட்டி யானை’ என்ற பெயரோடு, சிறிய லாரியின் அளவையே இன்னும் சுருக்கியது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசலில் பாதியை எடுத்துச் செய்தது போன்ற 702 கன சென்டிமீட்டர், இரண்டு சிலிண்டர் எஞ்சின்; 16 குதிரைத்திறன். இரண்டு பேர் கையால் தூக்கி இறக்கும் எஞ்சின் என்பதால் செயின் பிளாக்கும் வேண்டியிருக்கவில்லை. கிராமப் பட்டறைக்கு அது கடைசி எளிய எஞ்சின். 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மூன்று சிலிண்டரில் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. அதில் டீசல் எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. திருப்ப ஸ்க்ரூ கிடையாது. புகை வரம்பு விதிகளில் 2010இல் பி.எஸ். 3, 2017இல் பி.எஸ். 4 நாடு முழுதும் வந்தன; 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. சென்சார் ஒன்று கெட்டால் எஞ்சின் நன்றாகவே இருந்தும் வண்டி ஊர்ந்துதான் போகும். பிழை எண்ணைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டறைகளில் ஸ்கேனர் வைத்திருப்பவர், லேத் வைத்திருப்பவர் என்று இப்போது இரண்டு வகை உண்டு. முன்னவருக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பழகிய இளைஞர்கள் கிடைக்கிறார்கள். பின்னவரிடம் வேலை பழக வருபவர்கள் குறைவு.

சாலையை விட்டு விலகிய எஞ்சின்களுக்கு வேறு வேலை கிடைக்கிறது. காயலான் கடைக்குப் போகும் 407இலிருந்து பம்ப், ஹெட், கிராங்க் தனித்தனியாக விலை போகும். முழு எஞ்சின் நன்றாக இருந்தால் அதை இரும்புச் சட்டத்தில் ஏற்றி ஜெனரேட்டராகவோ, தண்ணீர் இறைக்கவோ, பாறை துளைக்கும் கம்ப்ரசரை ஓட்டவோ விற்பார்கள். டிராக்டரின் முதுகில் ஏற்றிய சிம்சன் கம்ப்ரசர்கள் குவாரிகளில் நெடுங்காலம் துளை போட்டன. தரையில் நிற்கும் எஞ்சினுக்கு ஆர்.சி.யும் எஃப்.சி.யும் கிடையாது. ஆகவே அடாப்டர் தட்டு, மாற்று மவுண்ட், வேறு கம்பெனியின் பம்ப் என்று சாலையில் தடைப்பட்ட கைவேலைகள் இந்த நிலை எஞ்சின்களில் தொடர்கின்றன.